எலாஸ்டிக் போன இதயம்

மனைவியை அவள் தங்கை வீட்டுக்கு நாலு நாள் அனுப்பிவைப்பது என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானாக எடுத்த முதல் முடிவு. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் இதயம். என் தையல்கடை மாடியில் இருக்கிறது. படி ஏறினால் மூச்சு முட்டியது. சாயங்காலம் ஆனால் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "வயசு, ரொம்ப நாள் பிரஷர், உப்பு, எல்லாம் சேர்ந்து இதயத் தசையைத் தடிக்க வெச்சிருக்கு. நல்லாத்தான் சுருங்குது. விரியத்தான் மாட்டேங்குது" என்றார்.

"எலாஸ்டிக் போயிடுச்சா டாக்டர்? புதுசு வெச்சுத் தைக்க முடியாதா?" தையல்காரன் வேறெப்படிக் கேட்பான்?

"இவரு மனசு விரியாதுன்னு எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும் டாக்டர்," என்றாள் மனைவி. "சாப்பாட்டுல என்னென்ன நிறுத்தணும்? அதைச் சொல்லுங்க."

சொல்லித் தொலைத்தார்.

அன்றே உப்பு டப்பா தலைமறைவானது. எண்ணெய்ச் சட்டி பரணுக்கு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால்கனியில் ஒரே தட்டில் பொரித்த உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு, கடைசித் துண்டுக்கு இருவரும் கையைத் தட்டிவிட்டுச் சண்டை போடுவோம். அதுவும் போனது. இப்போதெல்லாம் நான் சாப்பிடும்போது அவள் எதிரில் உட்காருவதில்லை. காவலுக்கு நிற்பவள் மாதிரி நின்று பார்க்கிறாள். தட்டில் காய் வெந்திருந்தது. அதைவிட நான் வெந்திருந்தேன்.

ஏங்கிப் போனேன். உருளைக்கிழங்குக்குத்தான் என்று நினைத்தேன்.

"உன் தங்கையைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! போய் நாலு நாள் இருந்துட்டு வாயேன்."

"நீங்க?"

"வெந்த காயோட சமாளிச்சுக்கிறேன்."

"சரி," என்று உடனே பெட்டியை எடுத்தாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவள் தலை மறைந்ததும் தெருமுனைக் கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது சும்மா. மூச்சு வாங்க நடந்தேன். சுடச்சுட ஒரு பொட்டலம் வாங்கிவந்து, தட்டில் கொட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். முதல் துண்டு சொர்க்கம். இரண்டாவது வெறும் உருளைக்கிழங்கு. மூன்றாவதை எடுக்கக் கையே போகவில்லை. தட்டிவிட ஆள் இல்லாமல் அத்தனையும் எனக்கே எனக்கென்று கிடந்தது. எதிர் நாற்காலி காலி.

போனை எடுத்தேன்.

"பஸ் ஏறிட்டியா?"

"ஏன், மூச்சு வாங்குதா?"

"இல்ல. வீடு ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"பெரிசா இருக்கு. வந்துடேன்."

"வந்தா தினமும் நடக்கப் போகணும். அந்தக் கடைப் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது."

"சரி, சரி, எல்லாத்துக்கும் சரி. எப்ப வருவ?"

காலிங்பெல் அடித்தது. வாசலில் பெட்டியோடு நின்றாள்.

"பஸ்ஸுக்குப் போகலையா?"

"மாடி வீட்டுல காப்பி குடிச்சிட்டிருந்தேன். ராத்திரி வரைக்கும் தாங்குவீங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. காப்பி ஆறுற வரைக்கும்தான்னு நான் சொன்னேன்."

நேராகப் பால்கனிக்குப் போனாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தாள்.

"ஏய், அது என்னோடது!"

"டாக்டர் எனக்கு ஒண்ணும் சொல்லலையே."

கையை நீட்டினேன். தட்டிவிடவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்படிக் கையைப் பிடிச்சு உட்கார்ந்து எத்தனை நாளாச்சு..."

"கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள், வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. "நாடித்துடிப்பை எண்ணிட்டிருக்கேன்."