சாமி ஊதும் பெட்டி

சோளக்காட்டுச் சந்தையில் அன்று மிளகு வாங்க ஆளில்லை. பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கவும் ஆளில்லை. சனம் மொத்தமும் நாதசித்தர் கொட்டகையில் முண்டியடித்தது. பஸ்ஸில் வந்திறங்கிய இந்தப் புண்ணியவான், பட்டுத்துணி போர்த்திய ஒரு பெட்டி வைத்திருந்தார். துணிக்குள் கைவிட்டு ஏதோ பூசை செய்வார். உடனே உள்ளிருந்து நாயனம் பொழியும். சாமியே ஊதுகிறாராம்! சாமிக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

பெட்டிமேல் வைத்தெடுத்த தாயத்தை வாத்தியத்தில் கட்டினால் பாட்டு தானாக வருமாம். கட்டியபின் ஊதிப் பழகி சாதகம் செய்தால் சாமி கோபித்துக்கொள்வாராம். சோம்பேறிக்கு இதைவிடத் தோதான சாமி எங்கே கிடைக்கும்? நாயனக்காரர் காளியண்ணன் ஒரு மூட்டை மிளகைக் கொடுத்துத் தாயத்தைக் கட்டிக்கொண்டு, நாயனத்தை உறையில் போட்டுவிட்டார்.

அவர் மனைவி இருசாயிக்கு வயிறு எரிந்தது. வெள்ளிக்கிழமை கோயில் திருவிழா. போன வருசம் இவர் பல்லவியில் தடுமாறியதற்கே, "இன்னொருக்கா பிசகுனா மலையடிவாரத்து மேளத்தைக் கூப்பிட்டுக்குவேன்" என்று ஊர்க்கவுண்டர் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க, ஒருக்கா ஊதிப் பாருங்களேன்."

"சாமி குத்தம் ஆயிரும் புள்ளே!"

இருசாயி புருசனை இழுத்துக்கொண்டு கொட்டகைக்கே போனாள். உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல், "சபாஷ்!" ஊதுவது சாமி என்றால் சபாஷ் போடுவது யார்? சாமியின் மச்சானா?

அடுத்த முறை பாட்டு ஓடும்போதே எழுந்தாள்.

"ஏனுங்க சித்தரே, எங்கூட்டுக்காரரு தடுமாறுன எடத்தைத்தான் திருப்பித் திருப்பி ஊதிப் பழகுவாரு. சபாஷ் வந்துச்சே, அந்த ஒரு வரியை மட்டும் சாமியை இன்னொருக்கா ஊதச் சொல்லுங்க."

"ஊதுனதையே ஊதச் சாமி என்ன கூலியாளா?"

"இதே பாட்டைத்தானுங்க காலையிலிருந்து ஊதறாரு! ஒரு வரி என்னுங்க பாரம்?"

"அதானே!" என்றது கூட்டம். சித்தர் கத்தினார், சபித்தார், பெட்டியை மறந்தார். உள்ளே நாயனம் மெல்ல இழுத்தது, எருமைபோல் முனகியது, அடங்கியது.

அதைக் காளியண்ணனின் காது பொறுக்கவில்லை. "மூச்சு முட்டுனாக்கூட சுருதி இப்படி இறங்காதே! இது ஆளு ஊதறதில்லே!" என்று பாய்ந்து துணியை உருவினார். உள்ளே ஒரு கிராமபோன் பெட்டி! அதன்மேல் தேய்ந்த இசைத்தட்டு ஒன்று. பக்கத்தில் சாவி கொடுக்கும் கைப்பிடி. சித்தர் செய்த பூசை அதுதான்; சண்டையில் அதைச் சுற்ற மறந்ததும் சாமிக்கு மூச்சு போய்விட்டது. பஸ்ஸுக்கு ஓடியவரைப் பிடித்து நிறுத்தி, மிளகை இறக்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

காளியண்ணன் அன்றைக்கே உறையை அவிழ்த்தார். அக்கம்பக்கம் காதைப் பொத்துமளவு சாதகம் செய்தார். திருவிழாவில் பல்லவி பிசகவில்லை. இருசாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோசத்தில் இருந்தவளிடம் பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன் வந்து நின்றார். "அம்மிணி, எங்கிட்டயும் ஒரு தாயத்து கெடக்குது. மாட்டுக் கழுத்துல கட்டுனா பாலாவது கூடுமா?"

"மாட்டுக்குக் கட்டாதீங்கண்ணா, அது சிரிக்கும்! நாயனத்துக்கு மட்டுமில்லீங்க, புத்திக்கும் தினம் சாதகம் வேணும். உங்களுது ரொம்ப நாளா உறையிலேயே கெடக்குது."