எட்டாவது மாடிக்கு ஏறிய கோடு

அன்பும் மதிப்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சுகம். உங்கள் பிள்ளை நேற்று சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிட்டதால், எல்லோரும் என்பதில் ஒரு தலை குறைவு.

முதலில் மானத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் போனில், "உங்க பையன் தினம் ஒரு பொம்பளை வீட்டுக்குப் போறான், ஜாக்கிரதை" என்று பேர் சொல்லாமல் பேசிய ஆசாமி நான்தான். குரல் தெரியக்கூடாதென்று கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன். நீங்கள் "என்ன சம்பந்தி, சளியா?" என்று கேட்டதும் போனை வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளையின் காருக்கு இன்சூரன்ஸ்காரர்கள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி அனுப்பினார்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால், அன்றைய நீண்ட பயணத்தைப் போனில் கோடாக வரைந்து காட்டுமாம். "மாமா, நீங்க சும்மாதானே இருக்கீங்க, பார்த்துக்குங்க" என்றார் மாப்பிள்ளை. சும்மா இருக்கிறவன் கையில் கொடுக்கிற சாமானா அது? மெக்கானிக்கைக் கூப்பிட்டு வண்டியில் செருகச் சொல்லிவிட்டு நான் தினமும் சாயங்காலம் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். தினமும் மத்தியானம் மூன்று மணிக்குக் கோடு சரசரவென்று மேலே ஏறுகிறது, முக்கால் மணி நேரம் உச்சியிலேயே அசையாமல் கிடக்கிறது, அப்புறம் இறங்கிவிடுகிறது. பக்கத்தில் எண்பது என்று போட்டிருந்தது. எண்பது அடி, அதாவது எட்டாவது மாடி! கார் எப்படி மாடி ஏறும் என்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறியிருப்பார் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அவர் ஆபீஸ் பக்கம் எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றே ஒன்றுதான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போய்க் கதவைத் தட்டினால், இளம் வயதில் ஒரு பல் டாக்டரம்மா. "வாயைத் திறங்க" என்றார். துப்பறிய வந்தவன் எப்படி மாட்டேன் என்பது? கடைவாய்ப் பல் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்து, அந்த வலியோடுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

நேற்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. என் பெண் போனைப் பிடுங்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது என்ன மலையாப்பா? குறுக்கே போறது நேரம், மேல ஏறுறது வேகம். உயரத்துல நேரா போனா, வண்டி ஒரே வேகத்துல ஓடுதுன்னு அர்த்தம். நின்னா கோடு தரையில படுத்துடும்."

"அப்ப முக்கால் மணி நேரம் எங்கயும் நிக்கவே இல்லையா?"

"எண்பதுல பறந்திருக்கு! கோட்டுக்கு அடியில இருக்கற இடத்தைக் கணக்குப் போட்டா அறுபது கிலோமீட்டர் வருது. நீங்க அந்த இடத்துல ஒரு டாக்டரைக் குடி வெச்சிட்டீங்க."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "கோடு ஆடாம அசையாம போகுது பாருங்க, என்ன நிதானம்! நீங்க ஓட்டினா ரம்பம் மாதிரியில்ல இருக்கும்" என்றாள். நேரம் பார்த்துக் குத்துவாள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "சரி மாப்பிள்ளை, பொம்பளை இல்லை. வேலை நேரத்துல எண்பதுல எங்க பறக்கறீங்க?" என்றேன்.

"மூணு மணிக்கு நான் ஆபீஸ்லதான் இருக்கேன் மாமா. கார் கீழ நிக்குது."

"அப்ப கோடு பொய் சொல்லுதா?"

"கோடே உங்களுக்கு மாப்பிள்ளையா இருக்கட்டும்" என்று கிளம்பிவிட்டார்.

அவர் திரும்பி வரும்வரை என்னோடு பேச்சில்லை என்று பெண் சொல்லிவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு என் முன்னால் 'டங்' என்று விழுகிறது. சம்பந்தி, மனுஷன் கொஞ்சம் காற்று வாங்க வேண்டாமா? அறுபது கிலோமீட்டர் என்ன, அறுநூறு ஓட்டட்டும். அவர் சொன்ன பொய்யையும் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். தயவுசெய்து அவரை அனுப்பிவையுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளை தீர்க்காயுசாக, மெதுவாக ஓட்டிக்கொண்டு, வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
பல் போன உங்கள் சம்பந்தி

பி.கு.: கவர் ஒன்று தேடி, ஷெட்டில் நிற்கும் என் பழைய காருக்குள் குனிந்தேன். மெக்கானிக் வந்த அன்று வீட்டில் நின்றது அந்த ஒரு வண்டிதான் போலிருக்கிறது. கருவி அதில்தான் இருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் அந்தக் காரைத் தொட்டதே இல்லை. மூன்று மணிக்கு நான் நல்ல தூக்கத்தில் இருப்பேன். என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது.