சாலம்மாள் எடுத்த பூ

கொமாரபாளையத்தில் இருக்கும் என் மரியாதைக்குரிய மச்சான் சண்முகவேல் அவர்கள் சமூகத்துக்கு, ராசிபுரத்திலிருந்து செங்கோடன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. பிரமாதி வருடம் ஆடி மாதம் 12-ம் தேதி வரை நானும் தங்கள் தங்கை முத்தாயம்மாளும் சுகம். 13-ம் தேதியைப் பற்றி இப்போதே ஒன்றும் சொல்வதற்கில்லை.

தங்கள் மருமகள் சாலம்மாளுக்கு வயது பதினொன்று ஆகியும் புத்தி மூன்று வயதிலேயே நின்றுவிட்டது தாங்கள் அறிந்ததே. இப்போது புதிதாக ஒரு பழக்கம். யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து உள்ளே பார்த்துச் சிரிக்கிறாள். கைலாசம் வீட்டின் முன் சிரித்தாள், மூன்றாம் நாள் அவர் அப்பா போய்விட்டார். தொண்ணூறு வயது மனிதர், போகாமல் என்ன செய்வார்? ராமாத்தாள் வீட்டின் முன் சிரித்தாள், எருமை செத்தது. அதற்கும் ஏறக்குறைய அதே வயதுதான். ஆனால் தெருவில் யார் கேட்கிறார்கள்? அவளைக் கண்டதும் வெல்லக்கட்டியோடு ஓடிவந்து, "அடுத்த ஊட்டுக்குப் போயிரு சாமி" என்று கும்பிடுகிறார்கள். அடுத்த வீட்டார் அதைவிடப் பெரிய கட்டியோடு நிற்கிறார்கள். பிள்ளைக்கு ஓயாத வயிற்றுக்கடுப்பு. யாரைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நானும் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒருவரும் இல்லை.

தறியில் ஏற்றும் முன் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட இருபது கை வேண்டும். எங்களிடம் இருப்பது நாலு. தாங்கள் போன கடிதத்தில் எழுதியது போலவே, அவளை ஏதாவது மலைக்கோயில் சத்திரத்தில் விட்டுவிட்டு வந்தால்தான் பாவுக்கு வருவோம் என்று தெருவார் சொல்லிவிட்டார்கள். நான் மசியவில்லை. "பெத்த புள்ளைங்க! மாரியாத்தா சொல்லட்டும்" என்றேன். போன வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு; எடுப்பதில் வெள்ளை வந்தால் வீடு, சிவப்பு வந்தால் சத்திரம். பூசாரிக்குக் கை நடுக்கம், பொட்டலங்களை என்னையே கட்டச் சொன்னார். எடுப்பதற்குக் கள்ளமில்லாத பிள்ளை ஒன்று வேண்டுமே! தாய்மார்கள் சாலாவுக்குப் பயந்து பிள்ளைகளையெல்லாம் உள்ளே போட்டுத் தாழிட்டிருந்தார்கள். மிச்சம் அவள் ஒருத்திதான். அவளே எடுத்தாள். வெள்ளை! கைலாசம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தாளே சொல்லிப்போட்டா, நாளைக்கே பாவுக்கு வாரேனுங்க" என்றார். பெற்றவன் பாசம் வீண்போகுமா? ஆகையால் தங்கள் யோசனைக்கு நன்றி, இனி அது வேண்டாம்.

அக்காளுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
செங்கோடன்

பி.கு.: இது தங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம். இரண்டு பொட்டலத்திலும் நான் கட்டியது செவ்வரளிதான். இனி என்னால் முடியாது என்றுதான் கட்டினேன். எல்லாரும் போனபின் மற்றதைப் பிரித்துப் பார்த்தேன், சிவப்புதான் இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு மூன்று வேளையும் நானே சோறு ஊட்டுகிறேன். பாசம் என்று தெருவே மெச்சுகிறது. பயம், மச்சான்.