வெல்வெட் தட்டில் இருபது குழிகள்

மனிதகுலத்தின் மாபெரும் சாதனைகள் எல்லாம் யாரோ செய்து முடித்தவை என்று நாம் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். செய்யாமல் விட்டதால் தப்பித்தவையே அதிகம். அப்படி விட்டவர்களுக்கு யாரும் சிலை வைப்பதில்லை. வைக்கலாமா என்று ஒருவராவது ஆற அமர யோசித்திருந்தால், அவர் நம் பரிசீலனை சாராகத்தான் இருப்பார்.

அது அவர் பெயரல்ல, பட்டம். ஓர் அலுவலகத்தின் திட்டப் பிரிவுக்குத் தலைவராக இருந்த காலம் முழுக்க, தன் மேஜைக்கு வந்த ஒவ்வொரு மனுவின் மீதும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியவர் அவர். மனுவோடு வந்தவர்களை ஒருநாளும் விரட்டியதில்லை. “வெளியே பெஞ்சுல உட்காருங்க, கூப்பிடுவாங்க” என்று கனிவாகச் சொல்லி அனுப்புவார். பெஞ்சு, கழிப்பறைக்குப் போகும் நடையில் இருந்தது. கறுத்த தலையோடு வந்து உட்கார்ந்த சிலர் நரைத்த தலையோடு எழுந்து போனதுண்டு. கோபமாக எழுந்து போனதாகத் தகவல் இல்லை. அதற்குள் தெம்பு போயிருக்கும்.

அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். அவர் மனைவிக்குத் தெருவில் தையல்காரம்மா என்று பேர். மாடி அறையில் ஜன்னலோரம் மிஷினைப் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவர். கணவர் வீட்டோடு வந்துவிட்டாரே என்று மகிழ்ச்சியடைய அவருக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. மூன்றாம் நாள் அவர் தம்பி வந்தான். பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்.

“மாமா, ரிட்டயர் ஆனவங்க எதையாவது சேர்க்கணும்.”

“ஏற்கனவே சேர்த்திருக்காரு. சர்க்கரை, பிரஷர்” என்றார் தையல்காரம்மா.

“அதில்லக்கா. நாணயம். பழைய நாணயம். மூளைக்கு நல்லதாம்.”

பரிசீலனை சார் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். முன்மொழிவு ‘கொள்கையளவில்’ ஏற்கப்பட்டது என்று அர்த்தம்.

நாணயக் கடைக்காரர் அனுபவஸ்தர். முதல் நாளே சொல்லிவிட்டார்: “சார், கண்டதையும் வாங்காதீங்க. எதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அதிலேயே போங்க. ஒரு ராஜா, ஒரு உலோகம், ஒரு மிருகம், எதுவோ ஒண்ணு. ஃபோகஸ் வேணும்.”

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஒன்றைப் பிடித்திருப்பார்கள். பரிசீலனை சார் வீட்டுக்கு வந்து, ‘நாணயச் சேகரிப்புக் கவனக்குவிப்புத் தீர்மானக் குழு’வை அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர் தம்பி. தேநீர், தையல்காரம்மா.

குழு என்றால் கூட இடம் வேண்டும் அல்லவா? மாடி அறை எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரு மேஜை வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி வந்தது. கழுத்தை வளைக்கும் விளக்கு, பூதக்கண்ணாடி, நாணயத்தைத் தொடப் பருத்திக் கையுறை, கடைசியாக நீல வெல்வெட் விரித்த ஒரு மரத்தட்டு. தட்டில் இருபது குழிகள். வராதது நாணயம் மட்டும்தான்.

தையல் மிஷின் நடைக்குப் போனது. நடை குளியலறைக்குப் போகிற வழி. ஜன்னல் கிடையாது. மஞ்சள் பல்பு ஒன்று, அழுதுகொண்டே எரியும்.

“இருட்டுல கருநீலத் துணியில கருநீல நூல் எனக்கு எப்படிங்க தெரியும்?”

“தற்காலிக ஏற்பாடுதானே. இந்தத் தட்டு நிறைஞ்சதும் கலெக்‌ஷன் முடிஞ்சது. ரூம் உனக்கு.”

“எப்போ நிறையும்?”

“ஃபோகஸ் முடிவானதும்.”

தம்பி சாட்சி சொன்னான். “மாமா ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்கா.” இது உண்மை. சொன்னதைச் சொன்னபடியே வைத்திருப்பார். அதற்குமேல் ஒன்றும் செய்ய மாட்டார்.

முதல் கூட்டத்தில் மிருகங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன.

“யானை வெச்ச நாணயம் மட்டும் வாங்குவோம் மாமா. பார்க்க அழகா இருக்கும்.”

“யானை மேல ராஜா உட்கார்ந்திருந்தா?”

“அதுவும் யானைதானே.”

“ராஜாவைச் சேர்க்கிறவன் அதை ராஜான்னுதானே சொல்லுவான்? நாளைக்கு யாராவது கேட்டா என்ன பதில் சொல்றது?”

“யாரு கேட்பாங்க மாமா?”

“கேட்டா?”

மேலே உட்கார்ந்திருப்பவரையும் கீழே நிற்பதையும் பிரித்தறிய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அதிலும் இவர்கள் இருவரே. துணைக்குழு தேநீர் குடித்தது. தேநீர் குடித்தால் தம்பிக்கு உடனே குளியலறைக்குப் போயாக வேண்டும். அவன் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை, தையல்காரம்மா எழுந்து நாற்காலியை மடக்கி வழி விட்டார்.

இரண்டாம் கூட்டம் கப்பலைப் பற்றியது. தோணி கப்பலில் சேருமா என்பதில் நின்றது. மூன்றாவது, செம்பு. செம்பில் எவ்வளவு செம்பு இருந்தால் அது செம்பு? நான்காவதில் தம்பி துணிந்து, “பிடிச்சதை வாங்கினா என்ன மாமா?” என்று கேட்டுவிட்டான். பரிசீலனை சார் அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த கூட்டம் முழுக்க அவன் பேசவில்லை. இரண்டு தேநீர் மட்டும் கூடுதலாகக் குடித்தான்.

இதற்கிடையில் நடையில் தைத்த சட்டை ஒன்றில் கை தலைகீழாக ஏறிவிட்டது. சட்டைக்குரிய பையனின் அம்மா நல்லவர், திட்டவில்லை. மிச்சத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, “கண்ணு தெரியலைன்னா சொல்லக் கூடாதாம்மா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தையல்காரம்மா தூங்கியிருப்பார். இன்னும் இரண்டு பேர் இப்படித் துணியைத் திருப்பிக் கேட்டால் மிஷினை விற்றுவிட வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரிந்தது.

வாரம் ஒருநாள் ‘கள ஆய்வு’. கணவன் மனைவி இருவரும் போவார்கள். நாணயக் கடைக்குப் பக்கத்துக் கடையில்தான் பட்டனும் லைனிங் துணியும் கிடைக்கும்.

அன்று கடைக்காரர் ஒரு சிறு செம்பு நாணயத்தை எடுத்து வைத்தார். தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பறவை ஒன்று அதில் இருந்தது. ஓரம் தேய்ந்து, பறவையின் ஒரு கால் காணாமல் போயிருந்தது. பரிசீலனை சார் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

“தேவையில்லை.”

தையல்காரம்மா நாணயத்தை விட்டுவிட்டு அவர் கண்ணாடியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் படித்துவரும் எழுத்து இது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் ‘தேவையில்லை’ என்றால், மனிதருக்கு உயிர் போகிற ஆசை என்று பொருள். அப்படித்தான் ஒரு நீலச் சட்டை தேவையில்லை என்றார். இவர் வாங்கி வந்து கொடுத்தார், காலர் நைந்து கிழியும்வரை போட்டார். ஒரு ரேடியோ தேவையில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். இந்த வீட்டைக்கூட வாசலில் நின்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேண்டாம் என்றவர்தான். ஆசைப்படுவது அவர் வேலை, அதைக் கண்டுபிடிப்பது மனைவி வேலை. திறமையான நிர்வாகத்தில் வேலைப் பகிர்வு முக்கியம்.

மறுநாள் தையல்காரம்மா தனியாகக் கடைக்குப் போனார்.

“அந்தக் கால் இல்லாத பறவை இருக்கா?”

“இருக்கும்மா. நீங்களும் சேர்க்கிறீங்களா?”

“இல்லைங்க. எனக்கு என் ரூம் வேணும்.”

கடைக்காரர் பல விதமான வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். மேற்கொண்டு கேட்காமல் பொட்டலம் கட்டினார்.

அதன் பிறகு குழு ஒரு பக்கம் உழைத்தது, தையல்காரம்மா ஒரு பக்கம் உழைத்தார். கள ஆய்வில் அவர் நாணயத்தைப் பார்ப்பதே இல்லை, கணவரின் கண்ணாடியைத்தான் பார்ப்பார். சும்மா ‘தேவையில்லை’ என்றால் நிஜமாகவே தேவையில்லை. கழற்றித் துடைத்தால் மறுநாள் போய் வாங்கிவிடுவார். அச்சு விலகி அரை முகம் மட்டும் விழுந்த வெள்ளி. அலை அலையாக விளிம்பு வெட்டிய நிக்கல். யாரோ சங்கிலியில் கோக்க ஓட்டை போட்ட ஒன்று. எல்லாம் ஏதோ ஒரு குறை உள்ளவை, அதனால் விலை மலிவு. பட்டன் டப்பாவின் அறைகளில் பட்டனுக்கு அடியில் அவை படுத்துக்கிடந்தன.

கடைசிக் கூட்டத்துக்குக் கடைக்காரர் ‘சிறப்பு அழைப்பாளராக’ வந்திருந்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இத்தனை கூட்டத்துலயும் நாம அவசரப்பட்டு ஒரு நாணயம்கூட வாங்கலை. இது சாதாரண விஷயமில்லை.”

“இல்லவே இல்ல மாமா.”

தையல்காரம்மா தேநீர்த் தட்டுக்குப் பதிலாக வெல்வெட் தட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். இருபது குழியும் நிறைந்திருந்தன.

பரிசீலனை சார் கையுறை போட மறந்து, வெறும் விரலால் அந்தப் பறவையைத் தொட்டார்.

“இது... இதை நான் பார்த்திருக்கேன்.”

“பார்த்தீங்க.”

“இந்த அரை முகம்... இதையும்தான். யாரோடது இதெல்லாம்?”

“உங்களோடதுதான். வேண்டாம்னீங்கல்ல, அதெல்லாம்.”

கடைக்காரர் எழுந்து நின்றே பார்த்தார். “சார், இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்லை. முழுசா ஒரு காசுகூட இல்லை, ஆனா ஒரே கண்ணு பொறுக்கினது. ஃபோகஸ், ஃபோகஸ்னு நான் சொன்னது இதைத்தான்.”

பரிசீலனை சாரின் முகம் மலர்ந்தது. தையல்காரம்மா அதைப் பார்த்தார். அந்த முகத்துக்காக இன்னும் இருபது வாங்கலாம் போல ஒரு நிமிடம் தோன்றியது. நல்லவேளை, சார் பேசிவிட்டார்.

“எல்லாம் சரி. ஆனா இது குழுவோட அனுமதி இல்லாம நடந்த கொள்முதல். முன்தேதியிட்டு அங்கீகரிக்க முடியுமா, முடிஞ்சா எந்தத் தலைப்புல சேர்க்கிறது, இதையெல்லாம் பரிசீலிக்கணும். மாப்ளே, ஒரு துணைக்குழு...”

“மாமா, முன்னாடி ஃபோகஸும் இல்லை, கலெக்‌ஷனும் இல்லை. இப்போ கலெக்‌ஷன் மட்டும் வந்திருக்கு. முன்னேற்றம்தான்!”

“தட்டு நிறைஞ்சா ரூம் எனக்குன்னு சொன்னீங்க” என்றார் தையல்காரம்மா.

கடைக்காரர் முன்னால் இப்படிக் கேட்டது தலைவருக்குச் சுருக்கென்றது. ஜன்னலைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். வளைகிற விளக்கைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இன்னும் கொஞ்சம் துடைத்தார்.

“எடுத்துக்கோயேன். இந்த ரூம் எனக்குத் தேவையில்லை.”

இத்தனை காலம் அந்த எழுத்தைத் தப்பில்லாமல் படித்த தையல்காரம்மா, அன்று அதைப் படிக்கவில்லை. வெறுமனே காதால் கேட்டார்.

“சரிங்க. தம்பி, மிஷினுக்கு அந்தப் பக்கம் பிடி.”

மிஷின் ஜன்னலோரம் வந்தது. மேஜையும் விளக்கும் அலமாரியும் நடைக்குப் போயின. கடைக்காரர்கூட ஒரு கை கொடுத்தார். கருநீலத் துணியில் கருநீல நூல் முதல் குத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. மிஷின் ஓடத் தொடங்கியது.

பரிசீலனை சார் வாசற்படியில் நின்றார். கையில் வெல்வெட் தட்டு. கண்ணாடி இன்னும் சட்டை நுனியில் இருந்தது.

“இங்க பாரு... நான் அப்படிச் சொன்னேனே தவிர... நீ புரிஞ்சுப்பேன்னு...”

“புரியுதுங்க.”

“ஜன்னல்கிட்ட ஒரு ஓரமா, சின்ன மேஜை ஒண்ணு மட்டும்...”

தையல்காரம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் அத்தனை கனிவு.

“பரிசீலிக்கிறேங்க. வெளியே உட்காருங்க, கூப்பிடுறேன்.”