சும்மா கிடைத்த தொங்குவிளக்கு

நாலு மாதமாக நடராசன் வீட்டுச் சமையலறை டியூப்லைட் கண் சிமிட்டிச் சிமிட்டிக் கடைசியில் செத்தே போனது. அதை மாற்ற அவருக்கு நேரமில்லை. பாண்டிச்சேரிக்குப் போய்த் தொங்குவிளக்கு வாங்க மட்டும் நேரம் இருந்தது. ஆம்பளைகளின் நேரம் அப்படி.

மிட் செஞ்சுரி மாடர்ன் என்று கடைக்காரர் சொன்னார், அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய பாணியாம். கவிழ்த்த சட்டி மாதிரி ஆரஞ்சு நிறத் தகரம், பித்தளை விளிம்பு. கூடத்தில் தன் நாற்காலிக்கு நேர் மேலே அது தொங்க, கீழே தான் பேப்பர் படிக்க, வருகிறவர்கள் வாய் பிளக்க... திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் அதைப் பெட்டியோடு மடியிலேயே வைத்திருந்தார், பச்சைப்பிள்ளை மாதிரி. புனிதா கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் தயார்.

"இன்னாங்க இது?"

"பொம்மையார்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸைக் காலி பண்றாங்க. தெரிஞ்சவரு. சும்மாவே குடுத்துட்டாரு."

"சும்மாவா?"

"சும்மாத்தான்! மிட் செஞ்சுரி மாடர்ன்."

"அப்படின்னா பழசா, புதுசா?"

"அது வந்து... பழைய புதுசு."

புனிதா விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்டிக்குள்ளும் கைவிட்டுத் துழாவினாள். முகம் மலர்ந்தது. அப்போதே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும்.

"நல்லதாப் போச்சுங்க. வெள்ளிக்கெழமை கண்டமங்கலத்துல என் தம்பி சீனுவாசன் கிரகப்பிரவேசம் வச்சிருக்கான். அக்கா வரிசைக்கு வெளக்குதானே வைக்கணும்? இதையே எடுத்துக்கினு போயிடலாம்."

நடராசன் விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதுக்குக் குத்துவிளக்கு வைப்பாங்க புனிதா! இது தொங்குறது!"

"நின்னா இன்னா, தொங்குனா இன்னா? எரியுதில்ல?"

"பழசைக் கொண்ணாந்துட்டாங்கன்னு மச்சான் நெனைப்பான்."

"பழைய புதுசுதானே? சும்மா வந்ததுக்கு ஏங்க இப்படித் துடிக்கிறீங்க?" போனைக் காதில் வைத்தாள். "டேய் சீனு, மாமா உனக்கு ஒண்ணு கொண்ணாந்திருக்காரு..."

"வேணாம் புனிதா! காசு குடுத்துதான் வாங்கினேன். எனக்கே எனக்குன்னு வாங்கினேன்!"

போனைக் கீழே வைத்தாள். மறுமுனையில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த பில்லை எடுத்து நீட்டினாள்.

"பெட்டி அடியிலயே கெடந்துச்சு. உங்க வாயால வரட்டும்னுதான் பாத்தேன். தம்பிக்குக் குத்துவெளக்கு எப்பவோ வாங்கியாச்சு. ஆசைப்பட்டு வாங்கிட்டீங்க, நம்ம வீட்லயே தொங்கட்டும்."

நடராசன் நெகிழ்ந்துபோனார். இப்படி ஒரு மனைவி எவனுக்கு வாய்ப்பாள்? ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி வந்தார்.

"அங்க இல்லீங்க. இப்படி உள்ள வாங்க."

மறுநாள் சாயங்காலம் விளக்கு ஜொலித்தது. அதற்கு நேர் கீழே நடராசன், தன் சொந்த நாற்காலியில். மடியில் பேப்பரும் இருந்தது, உரித்த மல்லாட்டைக் கடலைத் தோலைப் போட.

பக்கத்திலேயே அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த புனிதா திரும்பினாள்.

"வெளிச்சம் பத்துதாங்க?"