ஓட்டத்தில் சம்பந்தி கிடையாது

முகப்பேர் சம்பந்தி ராஜசேகரன் அவர்கள் சமூகத்திற்கு, கள்ளிக்குப்பம் தினகரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், வசந்தா, என் இரண்டு முட்டிகள் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை கிஷோரும் என் மகள் கலைவாணியும் நலமாயிருக்க முருகன் துணை செய்வான். உங்கள் புது ஷூவைப் பற்றி அவனிடம் நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் "ஹலோ" கேட்டதுமே என் குரல் தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து இந்த வியாதி. கல்யாணப் பந்தியில் உங்கள் இலைக்குப் பாயசம் வரவில்லை என்று சமையல்கட்டுக்கு ஓடினேனே, உங்களுக்காக நான் ஓடிய முதல் ஓட்டம் அதுதான். அதில் யாரும் எனக்கு மெடல் போடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஏரிக்கரையில் நடந்த மூத்தோர் ஓட்டத்தில் நீங்கள் மூன்றாவது, நான் நான்காவது. ஊர் அறிந்தது இவ்வளவுதான். நடந்தது வேறு. பாதி தூரம் வரை நான்தான் முன்னால். பின்னால் டப் டப்பென்று சத்தம், நடுவில் ஒரு இருமல். திரும்பிப் பார்க்கவே வேண்டாம், அந்த இருமல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே மனசு இரண்டாகிவிட்டது. ஒரு பாதி "ஓடுடா" என்கிறது, இன்னொரு பாதி "பெண்ணைக் கொடுத்த இடம், அவருக்கு முதுகைக் காட்டிட்டுப் போறியே, நல்லாவா இருக்கு" என்கிறது. காலுக்கு உறவுமுறை தெரியாது சம்பந்தி, மனசுக்குத்தான் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் பக்கத்தில் வந்து, "சம்பந்தி, சௌக்கியமா? வீட்ல எல்லாரும் எப்படி?" என்று கேட்டீர்களே! சம்பந்தி கேட்டால் நின்று பதில் சொல்லித்தானே எனக்குப் பழக்கம்? நின்றேன். கையைக் கூப்பினேன். "உங்க புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க?" என்று கேட்டுத் தலையை நிமிர்த்தினால், எதிரே உங்கள் முதுகுதான் போய்க்கொண்டிருக்கிறது!

டீக்கடை தேவா வாசலில் நின்று கத்துகிறான்: "இன்னா அண்ணாத்தே, ரேஸ்ல நின்னுகினு கும்புடு போட்டுகினு கீறே? அவரு பூட்டாரு பாரு!"

அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு வேகம். கோயில் திருப்பத்தில் உங்களைப் பிடித்துவிட்டேன். முடிவுக்கோட்டு நாடா கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு எட்டு வைத்தால் முந்திவிடலாம். ஓரத்திலிருந்து என் தர்மபத்தினி, "ஏங்க! சம்பந்தி வர்றாரு, வழி விடுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். விட்டேன். விட்டது என் தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா மெடலைக் கழுத்துல போட்டுக்கிட்டு, "சம்பந்தி நல்லாத்தான் ஓடுறாரு, மூச்சுதான் பத்தல"ன்னு மைக்ல சொன்னீங்களே, அது எந்த ஊர் நியாயம்? என் மூச்சு முழுக்க உங்களுக்கு மரியாதை சொல்லியே தீர்ந்துபோச்சு சார்!

அதைக்கூட மறந்திருப்பேன். கலைவாணி வந்து தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து, "நீ தோத்தது பரவால்லப்பா. எனக்காக நின்ன பாரு, அதான் தாங்கல" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஓட்டம். நான் நிற்கப்போவதில்லை. தினமும் எங்கள் தெருவில் ஓடுகிறேன், வசந்தா ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்து உங்கள் குரலில் "சம்பந்தி, சௌக்கியமா?" என்று கேட்கிறாள். முதல் நாள் நின்று கும்பிட்டுவிட்டேன். இப்போ கழுத்து மட்டும்தான் லேசாத் திரும்புது. தெருவே சிரிக்குது, சிரிக்கட்டும். தீபாவளிக்கு நீங்க வந்தா வழக்கம்போல நான் வாசல்வரைக்கும் வருவேன், பலகாரத் தட்டை ரெண்டு கையாலயும் நீட்டுவேன், அதுல ஒரு குறையும் வராது. ஆனா ரோட்ல இறங்கிட்டா நீங்க வெறும் ராஜசேகரன், நான் வெறும் தினகரன். குசலம் விசாரிக்கணும்னா நாடாவைத் தாண்டி வந்து விசாரிங்க. அங்கதான் நின்னுட்டிருப்பேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் கலைவாணிக்கும் ஆசீர்வாதம். உங்கள் பாதங்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை.

இப்படிக்கு,
முன்னால் ஓடப்போகும்
தினகரன்

பி.கு.: கவரை ஒட்டும்போது மாப்பிள்ளை போன் செய்தார். மாடிப்படியில் சறுக்கி உங்கள் முட்டி வீங்கியிருக்கிறதாம், ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என்ன சம்பந்தி இது? இவ்வளவு எழுதியபிறகா? ஞாயிற்றுக்கிழமை நானும் ஓடவில்லை. பின்னால் அந்த இருமல் கேட்காமல் நான் யாரை முந்துவது? தைலத்தோடு அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன், இந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவருகிறேன். சம்பந்தி, சௌக்கியமா? ஓடிக்கொண்டே கேட்கவில்லை, நின்றுதான் கேட்கிறேன். மெதுவாகப் பதில் சொல்லுங்கள்.