மூன்றாம் கண்ணில் விழுந்த நிழல்

வான்கண்ணர் வீட்டு வாசலில் விடியும் முன்பே வரிசை நின்றுவிடும். எல்லாரும் ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர்கள். நகரம் தங்கள் பக்கம் வளருமா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். வான்கண்ணர் கண்ணை மூடினால் அவர் ஆவி ஆகாயத்துக்குப் பறக்குமாம். நகரத்தை மேலிருந்து பார்த்துவிட்டு, இறங்கும்போது கையோடு படமும் எடுத்து வருமாம். ஆவிக்குக் கேமரா வாங்கிக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

படத்தில் சாலையும் கூரையும் பளிச்சென்று தெரியும். சிலருடைய நிலத்தில் மட்டும் கருப்பாக ஒரு திட்டு. அது கரும்படலமாம். அங்கே நகரம் எட்டிப் பார்க்காது, வீடு கட்டினால் குடும்பம் விளங்காது, வந்த விலைக்குத் தள்ளிவிடு என்பார். வாங்கிக்கொள்ளும் தியாகி பக்கத்து அறையிலேயே பத்திரத்தோடு காத்திருப்பார். அவர் சாமியின் மைத்துனர். ஊர்ச் சாபத்தையெல்லாம் ஒரே ஆள் சுமக்கிறாரே என்று கூட்டம் உருகும்.

ரொட்டிக் கடைக்காரரும் உருகினார். அடுப்புச் சூட்டில் வெந்து சேர்த்த காசில் வாங்கிய நிலம் அது. அதில் வீடு கட்டித்தான் வாடகை வீட்டைவிட்டு வெளியேறுவதாக இருந்தார்கள். இப்போது அதன்மேல் கரும்படலம். மறுநாள் கையெழுத்து. மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

அவள் தங்கைக்கு நகரத் திட்ட அலுவலகத்தில் வேலை. செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாக ஒப்பிட்டு, நகரம் எந்தப் பக்கம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளப்பவள். சாமி கொடுத்த படத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்ததும் கோபம் வந்தது.

"மாமா, இது யார் வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல எடுக்கிற படம்."

"சாமிக்குக் கம்ப்யூட்டரே தெரியாதும்மா," என்றார் மாமா.

மறுநாள் அவளும் கூடவே போனாள். கூட்டத்தின் நடுவே ஒரு படத்தை நீட்டி, தெரிந்தவர் ஒருவருடைய இடம், பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். நடுவில் பெரிய கருந்திட்டு. வான்கண்ணர் முகம் மலர்ந்தது.

"பொல்லாத இடம். இங்க குடியிருக்கிறவன் ஊரை ஏமாத்திப் பிழைப்பான். நாலு பேர் முன்னாடி மானம் போகும்."

"இது உங்க வீடுதான் சாமி. பின்னாடி தண்ணித் தொட்டி, எதிர்ல பெட்ரோல் பங்க். நீங்களே பாருங்க."

தினமும் மேலே பறக்கிற ஆவிக்குத் தன் சொந்தக் கூரை அடையாளம் தெரியவில்லை. பாவம், இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும்போல.

அவள் அதே இடத்தின் அடுத்த மாதப் படத்தைக் காட்டினாள். திட்டைக் காணோம். மாமாவின் நிலத்துக்கும் அப்படியே. சாமி தொண்டையைச் செருமினார். சாபம் இடம் மாறும் என்றார்.

"மாறும் சாமி. காத்தடிச்சா மாறும். அது மேகத்தோட நிழல். வெள்ளையா மேகம் தெரிஞ்ச பக்கத்தைக் கத்தரிச்சுட்டு, நிழலை மட்டும் வித்திருக்கீங்க."

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது. தியாகி பின்கதவு வழியாகக் கிளம்பிவிட்டார், பத்திரங்களை எடுக்கக்கூட நேரமில்லாமல். ரொட்டிக் கடைக்காரர் தன் கையெழுத்துக்குக் காத்திருந்த பத்திரத்தைத் தேடியெடுத்துக் கிழித்தார். அதற்குள் வரிசையில் நின்ற ஒருவர் அவளை நெருங்கி, பயபக்தியோடு கேட்டார்: "அம்மா, நீங்க எந்தெந்தக் கிழமை குறி சொல்றீங்க?"

அவள் அவரை வெயிலுக்கு இழுத்துவந்தாள்.

"கீழ என்ன தெரியுது?"

"என் நிழல்."

"அதை யார்கிட்டயாவது வித்துடாதீங்க. முதல்ல தலையைத் தூக்கி மேல பாருங்க. அந்தத் தலைக்குள்ள மூளைன்னு ஒண்ணு இருக்கும், அதையும் கொஞ்சம் வெயில்ல காயவைங்க."